39 பேர் எந்தப் பேரேட்டில்?

டீ வரட்டும். அதற்குள் கேள்வியை ஒழுங்காக வைத்துக்கொள்வோம். "இங்கிலாந்தில் போன வருடம் மனித வணிகத்துக்காக எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள்? குடியேற்றக் குற்றங்களுக்காக எத்தனை பேர்?" செய்தியாளர் கேட்கலாம், ஆய்வு மாணவி கேட்கலாம், நாடாளுமன்ற உறுப்பினர் கேட்கலாம். கேள்வி ஒரு வரிதான். பதிலும் ஒரே வரியில் வந்துவிட்டால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்பேன். ஏன் என்பதை நிதானமாகத்தான் சொல்ல முடியும்.

ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 2019 அக்டோபர் 23, அதிகாலை. லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் பகுதியில் கிரேஸ் என்ற ஊர். பெல்ஜியத்தின் ஸீப்ரக் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய கன்டெய்னரை லாரி ஓட்டுநர் திறக்கிறார். உள்ளே 39 உடல்கள். அத்தனை பேரும் வியட்நாமியர். இருவருக்கு வயது 15. காற்றில்லாமல் மூச்சு முட்டிச் செத்திருந்தார்கள். 2021 ஜனவரியில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றம் தண்டனைகளை அறிவித்தது. முக்கியமான நால்வருக்கு 13 ஆண்டு 4 மாதத்தில் தொடங்கி 27 ஆண்டு வரை சிறை. 39 பேரின் மரணத்துக்குக் காரணமானது, சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு உதவச் சதி செய்தது என்ற இரண்டு குற்றங்களும் நால்வர் மீதும் நின்றன.

அந்த நாட்டு நீதி அமைச்சகத்தின் தண்டனை அட்டவணையில் இவர்களை எங்கே தேடுவது? "குடியேற்றக் குற்றங்கள்" என்ற வரிசையிலா? அங்கே கிடைக்க மாட்டார்கள். ஒருவர் பல குற்றங்களில் தண்டனை பெற்றால், அவற்றில் மிகக் கடுமையான தண்டனை பெற்ற ஒரே ஒரு குற்றத்தின் கீழ்தான் அவரை எண்ண வேண்டும் என்பது அந்த அட்டவணையின் விதி. பிரதானக் குற்ற விதி என்று சொல்லலாம். அதன்படி இந்த நால்வரும் கொலையாகாத மரணம் விளைவித்தவர்களின் வரிசைக்குப் போய்விடுவார்கள். "மனித வணிகம்" வரிசையிலும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் குற்றம் அவர்கள் மீது சாட்டப்படவே இல்லை. அண்மைக்கால பிரிட்டிஷ் நினைவில் எல்லை தாண்டல் தொழிலின் ஆகக் கொடிய நிகழ்வு அது. ஆனால் அந்தத் தொழிலை அளக்க வைத்திருக்கும் இரண்டு வரிசைகளிலும் அதன் தலைமைக் குற்றவாளிகள் இல்லை. யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. விதிப்படி எழுதியிருக்கிறார்கள். இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் படிப்பவர்தான் ஏமாறுகிறார்.

மனித வணிகம் ஏன் சாட்டப்படவில்லை என்று கேட்பீர்கள். 2000-இல் ஐ.நா. அவையில் ஏற்கப்பட்டு இத்தாலியின் பலெர்மோ நகரத்தின் பெயரால் வழங்கும் நெறிமுறைகள் கள்ளக் குடியேற்றத்தையும் மனித வணிகத்தையும் தனித்தனிக் குற்றங்களாகப் பிரித்தன. பணம் வாங்கிக்கொண்டு ஒருவரைக் கள்ளத்தனமாக எல்லை தாண்ட வைப்பது ஒன்று. அது அரசின் எல்லைக்கு எதிரான குற்றம். உழைப்பையோ உடலையோ சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோவது இன்னொன்று. அது அந்த மனிதருக்கு எதிரான குற்றம். பிரிட்டனில் முதலாவது 1971-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் வருகிறது. இரண்டாவது, இங்கிலாந்திலும் வேல்சிலும், 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் வருகிறது. கிரேஸில் இறந்தவர்கள் ஏஜென்டிடம் பெருந்தொகை பேசிப் புறப்பட்டவர்கள். கரையேறியிருந்தால் அந்தக் கடனுக்காக அவர்களில் யார் யார் எந்தப் பூட்டிய வீட்டில் கஞ்சாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று எவருக்கும் தெரியாது. சுரண்டும் நோக்கத்தோடுதான் கொண்டுவந்தார்கள் என்று நிரூபிக்காமல் மனித வணிகத்துக்கு நீதிமன்றம் தண்டனை தர முடியாது.

மனித வணிகத்துக்கு எல்லையே தேவையில்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் பாதிக்கப்பட்டவர் என்று ஐயத்தின் பேரில் பரிந்துரைக்கப்படுவோரில் நாட்டு வாரியாகப் பார்த்தால் 2023-லும் 2024-லும் முதலிடத்தில் இருந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமக்களே. நகரத்திலிருந்து சிற்றூருக்குப் போதைப்பொருள் கொண்டுபோகப் பழக்கப்படுத்தப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் அவர்களில் பலர். ஆகவே "குடியேற்றக் குற்றமும் மனித வணிகமும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி ஒரே எண்ணைக் கேட்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றில் சிக்குபவர் பல நேரம் இன்னொன்றில் பாதிக்கப்பட்டவர். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால், காப்பாற்ற வேண்டியவரும் பிடிக்க வேண்டியவரும் ஒரே கூட்டுத்தொகைக்குள் போய்விடுவார்கள்.

சரி, பேரேடுகளுக்கு வருவோம். ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் பத்திரிகை அச்சடித்தவர் ஒரு கணக்குச் சொல்வார், பந்தியில் இலை போட்டவர் வேறொன்று சொல்வார், மொய் நோட்டு எழுதியவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூன்றும் உண்மை. ஒவ்வொருவரும் எண்ணியது வேறு. பிரிட்டனிலும் அப்படித்தான்: காவல்துறை எண்ணுவது பதிவான குற்றங்களை. உள்துறை அமைச்சகம் எண்ணுவது பாதிக்கப்பட்டவர் என்று பரிந்துரைக்கப்பட்ட ஆட்களை. கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ் என்ற அரசு வழக்குத் தொடரும் அமைப்பு எண்ணுவது தன் மேசைக்கு வந்த வழக்குகளை. நீதி அமைச்சகம் எண்ணுவது நீதிமன்றத்தில் வழக்கு முடிந்த குற்றஞ்சாட்டப்பட்டவர்களை. இந்தக் கடைசி இரண்டும் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மட்டுமே பேசும்; ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டம், தனி வழக்கறிஞர்கள், தனிக் கணக்கு.

பாதிக்கப்பட்டோரின் கணக்கு 2009-இல் தொடங்கிய தேசியப் பரிந்துரை முறையிலிருந்து வருகிறது. காவலர், சமூகப் பணியாளர், சில தொண்டு நிறுவனங்கள் என்று குறிப்பிட்ட சிலர்தான் ஒருவரைப் பரிந்துரைக்கலாம். 2014-இல் 2,340 பேர் பரிந்துரைக்கப்பட்டார்கள். 2024-இல் 19,000-ஐத் தாண்டியது. குற்றம் எட்டு மடங்கு பெருகிவிட்டது என்று தலைப்பு எழுதலாம். காண்பதற்குக் கண்கள் பெருகின, பயிற்சி பெருகியது, 2015 சட்டம் வந்தது என்றும் எழுதலாம். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று சொல்ல முடியாது. 2014-இல் உள்துறையின் தலைமை அறிவியல் ஆலோசகர் பெர்னார்ட் சில்வர்மன், ஒருவர் பெயர் பல பட்டியல்களில் எவ்வளவு ஒத்து வருகிறது என்பதை வைத்து எந்தப் பட்டியலிலும் வராதவர்களையும் மதிப்பிட்டார். முந்தைய ஆண்டு நிலவரப்படி 10,000 முதல் 13,000 வரை என்றார். பார்வைக்குத் தெரிந்தது ஒரு பகுதிதான் என்று அரசே ஒப்புக்கொண்ட மதிப்பீடு அது.

வழக்குத் தொடரும் அமைப்பின் பேரேடுதான் மிகவும் குழப்பமானது. அதனால் அங்கே கொஞ்சம் அதிகம் நிற்கிறேன். அவர்கள் இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். ஒன்று, சட்டப்பிரிவு வாரியாகச் சாட்டுகளை எண்ணுவது: இந்தப் பிரிவின் கீழ் இத்தனை சாட்டுகள் நடுவர் நீதிமன்றத்தின் முதல் விசாரணைக்கு வந்தன என்று. ஒரே ஆள் மீது ஐந்து சாட்டு இருந்தால் அது ஐந்து. அந்தச் சாட்டு கடைசி வரை நின்றதா, நடுவில் கைவிடப்பட்டதா, வேறு பிரிவுக்கு மாறியதா, அவர் விடுதலையானாரா என்று அந்த எண் சொல்லாது. இன்னொன்று, கோப்பின் மேல் வைக்கும் அடையாளக் குறி. "இது மனித வணிகம் சம்பந்தப்பட்டது" என்று ஓர் ஊழியர் கணினியில் குறி வைக்கிறார். அந்தக் குறி விழுந்த வழக்கில் எந்தக் குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தாலும் அது மனித வணிக வழக்கில் கிடைத்த தண்டனையாக எண்ணப்படும். உண்மையில் நிரூபணமானது பணமோசடியாகவோ போதைப்பொருளாகவோ இருக்கலாம். குறி வைக்க மறந்துவிட்டால், அப்பட்டமான அடிமை வழக்குகூட எண்ணிக்கைக்கு வெளியே நின்றுவிடும்.

ஆகவே ஒரே ஆண்டுக்குச் சாட்டுகளின் எண் ஒன்று, குறி வைத்த வழக்குகளின் எண் ஒன்று, நீதி அமைச்சகத்தின் எண் ஒன்று என மூன்று இருக்கும். போதாததற்கு, வழக்குத் தொடரும் அமைப்பின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் நிதியாண்டு. நீதி அமைச்சகத்தின் ஆண்டுக் கணக்கு டிசம்பரில் முடியும். மேடையில் பேசுபவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டவர் பொய் சொன்னதாகவும் ஆகாது. எனக்கு மிகவும் கவலையளிப்பது இதுதான்.

இன்னொரு கணக்குப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன். இந்த ஆண்டில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் இத்தனை ஆயிரம், இந்த ஆண்டில் தண்டிக்கப்பட்டவர்கள் இத்தனை நூறு, வகுத்தால் தண்டனை வீதம் இவ்வளவு என்று எழுதிவிடுகிறார்கள். மேலே உள்ளது குற்றவாளிகள், கீழே உள்ளது பாதிக்கப்பட்டவர்கள். மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் போலந்திலிருந்து வீடற்றவர்களையும் நலிந்தவர்களையும் அழைத்து வந்து குப்பை பிரிக்கும் கூடங்களிலும் பண்ணைகளிலும் கசக்கிப் பிழிந்து, கூலியைத் தாங்களே எடுத்துக்கொண்ட கும்பலை 'ஆபரேஷன் ஃபோர்ட்' என்ற புலனாய்வு பிடித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 400 பேர் வரை இருக்கலாம் என்று கணித்தார்கள். 2019 ஜூலையில் வெளியான முடிவில் தண்டனை பெற்றவர்கள் எட்டுப் பேர். மேற்படி வகுத்தலின்படி இது நூற்றுக்கு இரண்டு. ஆனால் அன்றுவரை அந்த நாட்டின் மிகப் பெரிய அடிமைத்தன வழக்கு அது, வெற்றியடைந்த வழக்கு. விசாரணைக்கு ஆன ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள்: 2015-இல் தப்பி வந்தவர் ஓராண்டின் ஏட்டில், அவரை வதைத்தவர் வேறோர் ஆண்டின் ஏட்டில்.

பேரேட்டில் விடுபடுவதைவிடக் கொடுமை, தவறான பக்கத்தில் ஏறுவது. 2009-இல் இங்கிலாந்தில் வெவ்வேறு இடங்களில் கஞ்சா வளர்த்த வீடுகளில் இரண்டு வியட்நாமியச் சிறுவர்கள் பிடிபட்டார்கள். இருவர் மீதும் கஞ்சா வளர்த்த குற்றம் சாட்டப்பட்டது, இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், இளையோர் காவலிலும் அடைக்கப்பட்டார்கள். இவர்கள் மனித வணிகத்துக்கு ஆளானவர்கள் என்று அதற்கென உள்ள அரசு அதிகாரிகளே பிறகு முடிவுசெய்தார்கள். வழக்குத் தொடர்ந்த அமைப்பு அதை ஏற்கவில்லை. வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரி 16-இல் தீர்ப்பு வந்தது: அடிமைத்தனத்துக்கு எதிரான பாதுகாப்பையும் நியாயமான விசாரணைக்கான உரிமையையும் பிரிட்டன் மீறிவிட்டது, ஒவ்வொருவருக்கும் 25,000 யூரோ இழப்பீடு. அந்தப் பிள்ளைகள் ஓர் ஏட்டில் பாதிக்கப்பட்டவர்கள், இன்னோர் ஏட்டில் போதைப்பொருள் குற்றவாளிகள். இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. தங்கள் பெயரை நேராக்க அவர்கள் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். கட்டாயத்தால் குற்றம் செய்தவருக்கு 2015 சட்டத்தின் 45-ஆம் பிரிவு இன்று ஒரு தற்காப்பைத் தருகிறது. ஆனாலும் யாராவது அதை எடுத்துச் சொன்னால்தான் அது பயன்படும்.

படகுகளின் கதையும் இதே போலத்தான். 2022-இல் ஆங்கிலக் கால்வாயைச் சிறு படகுகளில் கடந்து வந்தவர்கள் 45,000-க்கு மேல். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், அனுமதியின்றி வந்து சேர்வதையே நான்கு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. உதவுபவருக்கான உச்சத் தண்டனையை 14 ஆண்டிலிருந்து ஆயுளாக உயர்த்தியது. இப்போது "சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு உதவியவர்" என்ற வரிசையில் யார் யார் சேர்கிறார்கள்? லட்சக்கணக்கில் சம்பாதிக்கும் ஏற்பாட்டாளரும் சேர்கிறார். பயணக் காசு இல்லாததால் எஞ்சினைப் பிடித்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பயணியும் சேர்கிறார். 2022 டிசம்பர் 14-இல் ஒரு ரப்பர் படகு கிழிந்து நான்கு பேராவது இறந்தார்கள். அதை ஓட்டி வந்த செனகல் நாட்டு இளைஞருக்கு அந்த மரணங்களுக்காகவும் சேர்த்து 2024 பிப்ரவரியில் ஒன்பதரை ஆண்டுச் சிறை. பயணக் கட்டணத்துக்குப் பதிலாகத்தான் ஓட்டினேன் என்றார் அவர். "கடத்தல்காரர்கள் இத்தனை பேரைச் சிறையில் அடைத்தோம்" என்ற அறிவிப்பைக் காணும்போது, அந்த இத்தனையில் கடன்பட்டு ஏறியவர்கள் எத்தனை என்று கேட்கத் தோன்றுகிறது. அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமே இல்லை. 2021 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படிப் படகு ஓட்டிய சிலரின் தண்டனைகளை ரத்து செய்தது. புகலிடம் கேட்டு அதிகாரிகளிடம் போய்ச் சேருவதே நோக்கம் என்றால் அன்றைய சட்டப்படி அது கள்ள நுழைவு ஆகாது என்றது. மேல்முறையீட்டின் கணக்கு தனிப் புத்தகம்.

இது தூரத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் பிரதானக் குற்ற விதிப்படியே எண்ணுகிறது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் கனமானது ஒன்றுதான் கணக்கில் ஏறும். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லித் தமிழ்நாட்டு இளைஞர்களைக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் அனுப்பி, இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்த கதைகளை 2022 முதல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அனுப்பிவைத்த முகவர் மீது வெறும் ஏமாற்று வழக்கு போட்டால் அது ஏமாற்றுக் கணக்கு. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் போட்டால் வேறு தலைப்பு. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவைச் சேர்த்தால்தான் மனித வணிகக் கணக்கு. காவல் நிலையத்தில் அன்று எழுதும் ஒரு பிரிவு, அந்தப் பையன் நாட்டின் கணக்கில் யார் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

இதற்கெல்லாம் என்ன வழி? என் கருத்து எளிமையானது. ஒரு ஆள் முதன்முதலில் பரிந்துரைக்கப்படும் நாளிலிருந்து, அவரைச் சுரண்டியவரின் வழக்கு மேல்முறையீடு வரை போய் முடியும் நாள்வரை, எல்லா ஏடுகளிலும் கூடவே வரும் ஒரே எண் வேண்டும். காவல்துறையும் வழக்குத் தொடரும் அமைப்பும் ஏற்கெனவே ஒரு பொது வழக்கு எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. பாதிக்கப்பட்டவரின் பரிந்துரை எண்தான் உள்துறையின் தனிப்பெட்டியில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால், பரிந்துரைக்கப்பட்ட ஆயிரம் பேரில் எத்தனை பேருக்காக ஒரு வழக்காவது நீதிமன்றம் ஏறியது என்று முதன்முறையாக ஒழுங்காகச் சொல்லலாம். சிறையில் இருக்கும் எத்தனை பேர் உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் என்றும் சொல்லலாம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. விசா இல்லாத ஒரு பெண் அடி தாங்காமல் காவல் நிலையம் போகிறாள். அவள் சொன்ன விவரம் குடியேற்ற அதிகாரிக்குப் போகிறது. அடுத்த முறை அவளும் போக மாட்டாள், அவளைப் பார்த்தவர்களும் போக மாட்டார்கள். லண்டனின் சவுத்தால் பகுதியில் நம் தெற்காசியப் பெண்களுக்காகப் பல பத்தாண்டுகளாக வேலை செய்யும் 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' அமைப்பும் 'லிபர்ட்டி' என்ற உரிமை அமைப்பும் இதை எதிர்த்து 2018-இல் முறையாகப் புகார் கொடுத்தன. அவர்கள் சொன்னது நியாயம். ஆகவே நான் கேட்கும் எண் எண்ணுவதற்கு மட்டுமே இருக்க வேண்டும். பெயரையும் முகவரியையும் நாடுகடத்தும் பிரிவு திறந்து பார்க்க முடியாதபடி சட்டத்தில் பூட்டு வேண்டும். அந்தப் பூட்டுக்கு உறுதி தராமல் எண்ணை மட்டும் கொண்டுவருவதானால், இன்றைய குழப்பமே இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

அதுவரை கேட்பவர் கவனமாகக் கேட்க வேண்டும். 2005 முதல் நடப்பில் உள்ள பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும், உலகில் எங்கிருந்தும் கேட்கலாம். "மனித வணிகத்துக்கு எத்தனை பேர்" என்று பொதுவாகக் கேட்டால், கோப்பு கோப்பாகப் புரட்ட வேண்டும், செலவு வரம்பைத் தாண்டும் என்ற மறுப்பு வரக்கூடும். மத்திய அரசுத் துறைகளுக்கு அந்த வரம்பு 600 பவுண்டு, அதாவது ஓர் ஊழியரின் 24 மணி நேர வேலை. சட்டப்பிரிவு எண்ணைப் போடுங்கள். சாட்டுகளா, ஆட்களா என்று எழுதுங்கள். முதல் விசாரணைக்கு வந்ததா, தீர்ப்பு வந்ததா என்பதை எழுதுங்கள். நிதியாண்டா, காலண்டர் ஆண்டா என்று சொல்லுங்கள். பிரதானக் குற்றமாக மட்டும் எண்ணியதா, உடன் குற்றமாக இருந்ததையும் சேர்த்ததா என்று தனி வரியில் கேளுங்கள். அப்படியும் மறுத்தால், அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கேட்பவருக்கு ஆலோசனையும் உதவியும் தர வேண்டியது அந்த அலுவலகத்தின் கடமை என்கிறது. வரம்புக்குள் எந்த விவரத்தைத் தர முடியும் என்று அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பதிலை வைத்து அடுத்த மனுவை எழுதலாம்.